குழுச் செயல்திட்டத்தை மேடையில் விளக்கும்போது எழும் நடுக்கம்: முதன்முறை பேசுவோருக்கு ஒரு வழிகாட்டி

குழுச் செயல்திட்டத்தை வகுப்பின்முன் விளக்கப்போகும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைக்கிற அறிவுரை, "பயப்படாதே, தைரியமாகப் பேசு" என்பதுதான். ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பவருக்கு இதனால் பயன் ஏதும் விளைவதில்லை. பயப்படுவதே ஒரு குறை என்ற எண்ணம் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது. மாணவர் குழுக்கள் பலவற்றின் ஒத்திகைகளில் உடனிருந்து பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. குழுவாகப் பேசும்போது எழும் நடுக்கத்தில் பெரும்பகுதி, குழுவுக்குள் முடிவு செய்யாமல் விட்டுவைத்த சிறிய விஷயங்களிலிருந்து வருகிறது. எனக்கு முன்னால் பேசுபவர் எந்த வாக்கியத்தோடு நிறுத்துவார், நடுவில் எனக்கு மறந்துபோனால் யார் தொடர்வார், என் பகுதியைச் சேராத கேள்வி என்னை நோக்கி வந்தால் என்ன செய்வது, டெமோ இயங்காமல் போனால் யார் பேசுவது என்பவற்றுக்கு விடை தெரியாத மனம் அமைதியாக இருக்க முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை, துணிச்சலை வரவழைப்பதைவிட அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுப்பதைப் பற்றியே கூடுதலாகப் பேசும்.

விளக்கத்துக்கு வசதியாக ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். நான்கு மாணவர்கள், மண்ணின் ஈரப்பதத்தை உணர்ந்து தானாகவே நீர் பாய்ச்சும் சிறு கருவி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். பேசுவதற்குப் பத்து நிமிடம், கேள்விகளுக்கு ஐந்து நிமிடம். உங்கள் திட்டம் வேறாக இருக்கலாம். வேலைகளின் வரிசை மாறாது.

முதலில், உடல் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேச எழுந்ததும் இதயம் படபடப்பதும், வாய் உலர்வதும், கை நடுங்குவதும், மூச்சு மேலோடு நிற்பதும் உங்களுக்கு மட்டும் நேர்வன அல்ல. ஆபத்தை எதிர்கொள்ளவோ அதிலிருந்து ஓடவோ உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் இந்த நிலையை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிவைத்தார். அட்ரினலின் சுரக்கிறது, இரத்தம் பெருந்தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, அந்த நேரத்தில் செரிமானம் தேவையில்லை என்பதால் உமிழ்நீர் குறைகிறது. நாற்பது பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை உடல் ஓர் ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. இந்தப் படபடப்பு பேசத் தொடங்குவதற்குச் சற்று முன்பும் முதல் ஒரு நிமிடத்திலும் உச்சத்தில் இருந்து, பின்னர் பெரும்பாலோருக்குத் தானாகவே தணியத் தொடங்குகிறது. முதல் நிமிடத்தைத் தாண்டிவிட்டால் மேற்கொண்டு நடப்பது எளிதாகும் என்ற இந்த ஓர் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கீழே சொல்லப்போகும் பல ஏற்பாடுகளையும் அமைக்க வேண்டும்.

இன்னோர் உண்மையும் உண்டு. அதைத் தெரிந்துகொள்வதே ஒரு மருந்து. நம் உள்ளே நடக்கும் கலக்கம் முழுவதும் பார்ப்பவருக்கு அப்படியே தெரிகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சாளர்கள் தாங்கள் எவ்வளவு பதற்றமாகத் தெரிந்தோம் என்று எண்ணினார்களோ அதைவிடக் குறைவாகவே கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேலும், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது" என்ற செய்தியை முன்கூட்டியே அறிந்துகொண்டு பேசியவர்கள், அது சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். "கவலைப்படாதே" என்று தேற்றுவது இந்தப் பயனைத் தரவில்லை. காரணத்தோடு சொன்ன உண்மையே தந்தது. எனவே உங்கள் குழுவில் உள்ள நால்வரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவுசெய்து பார்த்தால் நீங்களே நேரில் காண்பீர்கள்: உள்ளுக்குள் பூகம்பமாக இருந்த இடம், படத்தில் ஒரு சிறு இடைநிறுத்தமாகத்தான் இருக்கும்.

பகுதிகளைப் பிரிக்கும்போது

பல குழுக்கள் ஸ்லைடுகளை எண்ணி, நாலால் வகுத்து, ஆளுக்கு மூன்று என்று பிரித்துக்கொள்கின்றன. இது நியாயமாகத் தோன்றினாலும் பயத்தை வளர்க்கிற முறை. தான் செய்யாத வேலையைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரவல் சொல்லாக இருக்கும். கேள்வி வந்துவிடுமோ என்ற அச்சம் பேசும்போதே பின்னால் நின்றுகொண்டிருக்கும். உணரியைத் தேர்ந்தெடுத்துச் சாலிடர் செய்தவர் உணரியைப் பற்றிப் பேசட்டும். நிரல் எழுதியவர் நிரலைப் பற்றிப் பேசட்டும். செடிகளுக்கு அருகில் அமர்ந்து பத்து நாள் அளவீடு எடுத்தவர் முடிவுகளைச் சொல்லட்டும். தன் கையால் செய்ததைச் சொல்பவருக்கு மனப்பாடம் அவ்வளவாகத் தேவைப்படாது. நேரம் ஒருவருக்கு இரண்டு நிமிடமும் இன்னொருவருக்கு மூன்றரை நிமிடமுமாக அமைந்தால் அது தவறன்று. மதிப்பெண் விதிகளில் ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் பேச வேண்டும் என்று இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குழுவில் மிகவும் கூச்சப்படுகிறவருக்கு "நீ தலைப்பை மட்டும் படித்துவிடு" என்றோ "கடைசியில் நன்றி மட்டும் சொல்" என்றோ ஒதுக்குவதை அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் அவருக்கு நன்மை நேர்வதில்லை. தவிர்க்கப்படும் அச்சம் குறைவதில்லை. அடுத்த முறை இன்னும் பெரிதாகவே திரும்பி வருகிறது. அத்துடன், நன்றி சொல்லும் ஒற்றை வரிக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பது, இரண்டு நிமிடம் பேசி முடிப்பதைவிடக் கொடுமையானது. அவர் நேரடியாகச் செய்த வேலையில் ஒரு சிறிய, முழுமையான பகுதியைக் கொடுங்கள். கூடுமானால் இரண்டாவதாகப் பேசவிடுங்கள். முதலாமவர் அவையைத் தயார்செய்திருப்பார்; காத்திருக்கும் நேரமும் நீளாது. டெமோவை இயக்கிக்கொண்டே விளக்கும் பகுதி கூச்சமுள்ள பலருக்குப் பொருந்துகிறது, ஏனெனில் கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, பார்வையாளர்களின் கண்களும் கருவியின்மேல் இருக்கின்றன. ஆனால் எதைக் கொடுப்பது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

அனைவரும் முழுக்கதையையும் அறிந்திருக்க வேண்டும்

பகுதி பிரித்த கையோடு, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் முழுத் திட்டத்தையும் ஒரு நிமிடத்தில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சிக்கலை எடுத்துக்கொண்டோம், என்ன செய்தோம், என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற நான்கையும் ஸ்லைடைப் பார்க்காமல் சொல்ல முடியவேண்டும். நிரல் எழுதியவருக்கு, மின்தடையை அளக்கும் உணரியை விட்டு மின்தேக்குத்திறனை அளக்கும் உணரியை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்: முதல் வகையில் உலோக முனைகள் ஈரமண்ணில் நேரடியாகப் பட்டு விரைவில் அரிக்கப்பட்டுவிடுகின்றன. விளக்கம் இவ்வளவுதான், ஆனால் இது தெரியாமல் நிற்பவர் மதிப்பீட்டாளரின் பார்வை தன் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் நடுங்குவார். இந்த ஒரு நிமிடப் பயிற்சிக்கு ஒரு மாலைப்பொழுது போதும். நான் பார்த்தவரையில், குழுவின் பதற்றத்தைக் குறைத்ததில் இதற்கு இணையான வேறொன்று இல்லை.

பகுதியை எவ்வாறு மனத்தில் பதிப்பது என்பதிலும் பெரும்பாலோர் வழிதவறுகிறார்கள். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வது ஒரு மணிமாலையைப் போன்றது. ஒரு மணி அறுந்தால் எல்லாம் உதிரும். ஒரு சொல் நினைவுக்கு வராத அந்த நொடியில்தான் மேடையில் மௌனம் விழுகிறது. முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல் மாறாமல் பதித்துக்கொள்ளுங்கள். இடையில் சொல்ல வேண்டியதை மூன்று அல்லது நான்கு குறிப்புச் சொற்களாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஒத்திகையிலும் வேறு வேறு வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். முதல் நிமிடம்தான் கடினம் என்று பார்த்தோமல்லவா? அந்த நிமிடத்தில் வாய் தானாகப் பேசும்படி முதல் வரிகள் ஊறியிருந்தால் போதும்.

எழுதிவைத்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதையும் நம்பாதீர்கள். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னிலையில் இருந்தார்கள். ஆனால் இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் நடந்த தேர்வுகளில், படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முந்தினார்கள். படிக்கும்போது "தெரிகிறது" என்ற உணர்வு வரும். மேடையில் தேவைப்படுவதோ தாளின்றி எடுத்துச் சொல்லும் ஆற்றல். ஆகவே தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு, வாய்விட்டு, நின்றுகொண்டு சொல்லிப் பாருங்கள். திக்குகிற இடத்தில் மட்டும் தாளைத் திருப்புங்கள்.

கைமாற்றும் வாக்கியம்

தனியாகப் பேசுவதற்கும் குழுவாகப் பேசுவதற்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு, ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் 1973இல் கவனித்துச் சொன்ன ஒன்று இங்கே அப்படியே பொருந்தும்: வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவராகப் படிக்கும்போது, தன் முறைக்குச் சற்று முன்னால் படித்தவர் சொன்னதையே ஒருவர் மிகக் குறைவாக நினைவில் வைத்திருக்கிறார். அவர் மனம் ஏற்கெனவே தன் பகுதிக்குப் போய்விடுகிறது. மேடையில் அடுத்து பேசக் காத்திருப்பவருக்கு நடப்பதும் இதுதான். நண்பர் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் பதிவதில்லை; பேச்சு எங்கே முடிந்தது என்று தெரியாமல் எழுந்து, "அது... அடுத்ததாக..." என்று தடுமாறித் தொடங்குகிறார். அந்தத் தடுமாற்றம் அவருடைய முதல் நிமிடத்தைக் குலைத்துவிடுகிறது.

இதைக் கவனத்தைக் கூர்மையாக்கித் தீர்க்க முயல வேண்டாம். இயல்பாக நேர்வதை எதிர்த்து நிற்பதைவிட அதற்கு ஏற்றவாறு ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வாக்கியங்களை எழுதி, சொல் மாறாமல் இருவரும் பதித்துக்கொள்ளுங்கள். முடிப்பவர் சொல்வது: "மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது இப்போது எண்ணாகக் கிடைத்துவிட்டது, அந்த எண்ணைக் கொண்டு எப்போது நீர் திறப்பது என்று நிரல் எவ்வாறு முடிவு செய்கிறது என்பதை என் தோழி விளக்குவார்." தொடங்குபவர் சொல்வது: "ஈரப்பதம் நாங்கள் நிர்ணயித்த எல்லைக்குக் கீழே போகும் நொடியில் நிரல் மூன்று வேலைகளைச் செய்கிறது." முதல் வாக்கியம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது, இரண்டாவது அதற்கு விடையாகத் தொடங்குகிறது. இடையில் உள்ளதைக் கேட்கத் தவறியிருந்தாலும் இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் அடுத்தவருடைய வாய் தானாகத் திறக்கும். அழைக்கும்போது பெயர் சொல்லி அழையுங்கள்; "இவர்" என்று கைகாட்டுவதைவிட அது மரியாதையாகவும் இருக்கும், காத்திருப்பவரை விழிக்கவும் செய்யும்.

வாக்கியத்தோடு காலடிகளையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். முடித்தவர் எந்தப் பக்கம் விலகுவார், தொடங்குபவர் எந்தப் பக்கமிருந்து வருவார், ஸ்லைடு மாற்றும் கருவி யார் கையில் இருக்கும், ஒலிவாங்கி இருந்தால் அது எப்படிக் கைமாறும் என்பவற்றை இரண்டு முறை நடந்து பார்த்தாலே பழகிவிடும். நால்வருக்கிடையே மூன்று மாற்றங்கள்; ஒவ்வொன்றும் பத்து நொடி என்றால் அரை நிமிடம் அதிலேயே போகும். நேரக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகைகள்

ஒத்திகை என்ற பெயரில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருப்பது ஒத்திகை ஆகாது. முதல் முறை அமர்ந்தவாறே பேசிப் பாருங்கள். இரண்டாம் முறை எழுந்து நின்று, கடிகாரம் வைத்து, நடுவில் நிறுத்தாமல் முடியுங்கள். தவறு நேர்ந்தாலும் "மறுபடி முதலிலிருந்து" என்று திரும்பக் கூடாது, ஏனென்றால் மேடையில் அந்த வசதி இல்லை. தவறிலிருந்து மீண்டு தொடர்வதும் பழகவேண்டிய ஒரு திறமையே. மூன்றாம் முறை, திட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாத இரண்டு மூன்று பேரை உட்காரவைத்துப் பேசுங்கள். பார்க்கும் கண்கள் இருந்தால்தான் படபடப்பு வரும். படபடப்போடு பேசிப் பழகினால்தான் அது தணியும். முடிந்தால் உண்மையில் பேசப்போகும் அறையிலேயே ஒருமுறை நின்று பாருங்கள்: கடைசி வரிசையிலிருந்து எழுத்துகள் தெரிகின்றனவா, குரல் எட்டுகிறதா என்று ஒருவர் அங்கே போய் நின்று சொல்லட்டும். பத்து நிமிடம் கொடுத்திருந்தால் ஒத்திகையில் ஒன்பதுக்குள் முடியும்படி வெட்டிவிடுங்கள். வெட்ட மனம் வராதுதான். ஆயினும் மணி அடித்தபின் முடிவுரையை விழுங்கிக்கொண்டு இறங்குவது அதைவிட வருத்தம் தரும்.

கடைசி ஒத்திகையை வேண்டுமென்றே கெடுங்கள். நான் குழுக்களுக்கு வலியுறுத்திச் சொல்வது இதைத்தான். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்லைடுகளை அணைத்துவிடுங்கள். அவர் ஸ்லைடு இல்லாமல் ஒரு நிமிடம் தொடரட்டும். இன்னொருவர் நடுவில் மறந்துபோனதாக நிறுத்தட்டும். அவருடைய துணையாளர் எடுத்துத் தொடரட்டும். டெமோ இயங்காததாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டது நடந்தால் என்ன செய்வோம் என்பதை உடல் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், "அப்படி நடந்துவிட்டால்?" என்ற கேள்விக்கு மனத்தில் இருந்த பயங்கரம் போய்விடுகிறது.

மறந்துபோனால் யார் என்ன செய்வது

ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளரை நியமித்துக்கொள்ளுங்கள். பேசுபவர் நின்றுபோனால் துணையாளர் உடனே குறுக்கிடக் கூடாது. மனத்துக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். பேசுபவருக்கு யுகமாகத் தோன்றும் மூன்று நொடி மௌனம் கேட்பவருக்கு ஓர் அழகான இடைவெளியாகவே இருக்கும். பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் அவரே மீண்டுவிடுவார். ஐந்து எண்ணிய பிறகும் வரவில்லை என்றால், துணையாளர் அடுத்த குறிப்புச் சொல்லைக் கேள்வியாகக் கேட்கலாம்: "நீர் எவ்வளவு மிச்சமானது என்பதையும் சொல்லிவிடலாமா?" இது காப்பாற்றுவதுபோலத் தோன்றாமல் உரையாடல்போல அமையும். அதற்கும் எழாவிட்டால் துணையாளர் அந்தப் பகுதியைச் சொல்லி முடித்துவிட்டு, கைமாற்றும் வாக்கியத்தை அவரிடமே விட வேண்டும். அவர் தன் பகுதியைத் தானே முடித்தார் என்ற நிறைவு அவருக்குக் கிடைக்க வேண்டும்.

மறந்துபோனவர் செய்ய வேண்டியது: ஸ்லைடைப் பாருங்கள், அதில் உள்ள படத்தை வருணியுங்கள், அல்லது இதுவரை சொன்னதை ஒரு வாக்கியத்தில் திரும்பச் சொல்லுங்கள். தொடர் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைத்துவிடும். "மன்னிக்கவும், மறந்துவிட்டது, ரொம்பப் பதற்றமாக இருக்கிறது" என்று அறிவிக்க வேண்டியதில்லை. கவனிக்காதிருந்தவர்களையும் கவனிக்கவைப்பதற்கே அது பயன்படும்.

என் மாணவப் பருவத்தில் ஒரு குழு விளக்கவுரையில் நான் பாதியில் நின்றுபோனேன். பக்கத்தில் நின்ற நண்பன் அலட்டிக்கொள்ளாமல் ஸ்லைடில் இருந்த வரைபடத்தைக் காட்டி, "இந்த இடத்தில் கோடு ஏன் இறங்குகிறது?" என்று கேட்டான். விடை வந்தது; அதைத் தொடர்ந்து எல்லாம் வந்தன. பின்னர் கேட்டபோது, அது முன்பே பேசிவைத்த கேள்வி என்றே அவையினர் எண்ணியிருந்தார்கள். அன்றைக்கு அவன் செய்ததைத்தான் இங்கே ஒரு முறையாக எழுதியிருக்கிறேன்.

முந்தைய நாளும் அன்றைய காலையும்

கருவிகளைப் பற்றிய அச்சத்தை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். கோப்பை இரண்டு பென் டிரைவ்களிலும் ஒரு மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகள் உள்ள ஸ்லைடுகளாக இருந்தால் பிடிஎஃப் வடிவில் ஒரு படியும் அவசியம். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் எழுத்துகள் உருமாறியோ வெறும் கட்டங்களாகவோ தெரியக்கூடும். லேப்டாப்புக்கும் புரொஜெக்டருக்கும் இடையிலான இணைப்பு வகையைப் பார்த்து, தேவையான இணைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். டெமோ நன்றாக இயங்கும் ஒரு நாளில் அதைக் காணொளியாகப் பதிவுசெய்து வைத்துவிடுங்கள். அன்று கருவி இயங்காவிட்டால் காணொளி பேசும். நீங்கள் அருகில் நின்று விளக்கலாம்.

இரவில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். விடிய விடிய விழித்து ஸ்லைடுகளுக்கு வண்ணம் மாற்றும் குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாகவே இருக்கும். அவர்கள் அழகாக்குவது ஸ்லைடை, இழப்பது மறுநாளின் நிதானத்தை. காலையில் வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் காபி வேண்டாம். காஃபீனும் இதயத்தை வேகமாக்கும் என்பதால், அதை மனம் பயம் என்று எடுத்துக்கொள்ளும். படபடப்பைக் குறைக்கும் என்று யாரேனும் தரும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே கூடாது. அப்படிப் புழங்கும் புரோபிரனலால் போன்ற மருந்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை.

காத்திருக்கும் நேரத்தில் மூச்சைச் சீராக்குங்கள். நான்கு நொடி மூக்கின் வழியாக உள்ளிழுத்து, ஆறு நொடி மெதுவாக வெளிவிட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுவதும் வெளிவிடும்போது குறைவதும் இயல்பு. ஆகவேதான் வெளிமூச்சை நீட்டுகிறோம். இரண்டு மூன்று நிமிடம் செய்தால் போதும், யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் "அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று மனத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சே கேட்டவர்களுக்கு நம்பிக்கையூட்டுவதாக இருந்தது. படபடப்பும் உற்சாகமும் உடலளவில் ஏறக்குறைய ஒன்றே. துடிக்கும் இதயத்தை அடக்குவது கடினம். அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது. குழுவாக இருப்பதால் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்: "நாம் செய்ததைக் காட்டப் போகிறோம்."

பேசும்போது

இடத்துக்கு வந்து நின்றவுடன் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு கால்களும் தரையில் ஊன்றியிருப்பதை உணர்ந்து, ஒரு மூச்சை வெளிவிட்டு, ஒருவரைப் பார்த்து, பதித்துவைத்த முதல் வாக்கியத்தை வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் பேச்சு வேகமெடுக்கும். மெதுவாகத் தொடங்கினால் சரியான வேகத்தில் வந்து நிற்கும். ஒரு வாக்கியத்தை ஒருவரைப் பார்த்தும் அடுத்ததை இன்னொருவரைப் பார்த்தும் சொன்னால், அவை ஒரு கூட்டமாகத் தெரியாமல் தனித்தனி மனிதர்களாகத் தெரியும். கை நடுங்கும் என்று தெரிந்தால் மெல்லிய தாளைக் கையில் பிடிக்காதீர்கள். குறிப்புகளைத் தடித்த அட்டையில் எழுதுங்கள். லேசர் சுட்டியையும் தவிர்த்துவிடுங்கள். விரலின் சிறு அசைவைத் திரையில் அது பெருங்குலுக்கலாக்கிக் காட்டும். "இடப்பக்கம் மேலே உள்ள சிவப்புக் கோடு" என்று சொன்னாலே கண்கள் அங்கே போய்விடும். ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பேசாமல் நிற்கும் மூவருக்கும் அந்த நேரத்தில் பொறுப்பு இருக்கிறது. அவர்கள் பேசுபவரைப் பார்க்க வேண்டும். தரையையோ கைப்பேசியையோ தங்கள் குறிப்பையோ பார்த்துக்கொண்டு நின்றால் அவையும் கவனத்தை விட்டுவிடும். பேசுபவர் திரும்பிப் பார்க்கும்போது ஒரு தலையசைப்புக்கூடக் கிடைக்காமல் தனித்துப்போவார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே "இல்லை, அப்படி இல்லை" என்று திருத்தாதீர்கள். சிறு தவறானால் விட்டுவிடுங்கள். எண்ணோ அலகோ மாறியிருந்தால் உங்கள் முறை வரும்போது, "சற்று முன் சொன்ன அளவை இவ்வாறு எடுத்துக்கொள்ளவும்" என்று யாரையும் சுட்டாமல் சொல்லலாம்.

கேள்வி நேரம்

பலருக்கு உண்மையான அச்சம் இங்கேதான். ஒத்திகை பார்த்தவர்களிடம் கேள்விகளை எழுதித் தரச் சொல்லி, குழுவாகவும் யோசித்து, இருபது கேள்விகளாவது திரட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் விடை சொல்பவர் யார் என்று எழுதிவையுங்கள். வருகிற கேள்விகளில் பாதியாவது அந்தப் பட்டியலின் உறவினர்களாகவே இருக்கும். ஒருவரைக் கேள்விகளை வாங்கிப் பகிர்பவராக நியமித்துவிட்டால், நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சங்கடமான நொடிகள் இருக்காது. கேள்வியை முழுவதும் கேளுங்கள், சுருக்கமாகத் திரும்பச் சொல்லுங்கள். அது புரிந்ததை உறுதிசெய்யும், யோசிக்க நேரமும் தரும். விடை தெரியாவிட்டால் இவ்வாறு சொல்லலாம்: "மழைக்காலத்தில் நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் வெயில் நாட்களில் பத்து நாள் அளவீடு எடுத்தோம்; அதில் கண்டது இது." தெரியாததை ஒப்புக்கொண்டு தெரிந்ததன் எல்லையைக் காட்டும் இந்த விடை, நேர்மையாக வேலை செய்த குழு என்பதைக் காட்டும். ஊகித்து ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வதே உண்மையில் மதிப்பைக் கெடுக்கும். ஒருவர் விடை சொல்லி முடித்தபின் நால்வரும் வரிசையாகச் சேர்த்துச் சொல்லவும் வேண்டாம். சேர்ப்பதானால் ஒருவர், ஒரு வாக்கியம்.

அச்சம் இந்த அளவையெல்லாம் தாண்டினால்

சிலருக்குப் பல நாள் தூக்கம் போவது, வாந்தி வருவது, பேச வேண்டிய வகுப்பையே தவிர்த்துவிடுவது என்ற அளவுக்கு அச்சம் முற்றியிருக்கும். ஒத்திகையால் மட்டும் இது தீராது. இதை மறைத்துக்கொண்டு போராடவும் வேண்டாம். முன்கூட்டியே, கடைசி நாள் வரை காத்திராமல், ஆசிரியரிடம் சொல்லுங்கள்; முதலில் சிறிய குழுவின்முன் பேசவோ உட்கார்ந்தபடி பேசவோ அனுமதி கேட்கலாம். கல்வி நிலையத்தில் உளவியல் ஆலோசகர் இருந்தால் அவரைப் பாருங்கள். பேச்சச்சத்துக்கு, சிந்தனையையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் உளச்சிகிச்சை முறைகள் உண்டு, அவை நன்கு பயனளிக்கின்றன. குழுவினருக்கு இதை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். குழுவில் ஒருவர் இப்படிச் சொன்னால் மற்றவர்கள் அதைக் குழுவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

விளக்கவுரை முடிந்த அன்றே, நினைவு மங்குமுன், நால்வரும் கால் மணி நேரம் உட்காருங்கள். எந்த இடத்தில் நடுக்கம் மிகுந்தது, எந்த ஏற்பாடு கைகொடுத்தது, எந்தக் கேள்விக்கு ஆயத்தம் இல்லை என்பவற்றை ஒரு தாளில் எழுதி, திட்டக் கோப்போடு சேர்த்துவையுங்கள். அடுத்த பருவத்துத் திட்டத்துக்குப் பகுதி பிரிக்க உட்காரும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அது.